ஓரம் கொதிக்கும், நடு குளிரும்: மைக்ரோவேவில் செட்டிநாட்டுச் சாப்பாடு

முந்தின நாள் வைத்த கோழிக் குழம்பைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து மைக்ரோவேவில் 2 நிமிடம் வைத்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகிறது. கிண்ணத்தின் ஓரத்தில் குழம்பு கொதித்துத் தெறித்திருக்கும். நடுவில் கிடக்கும் கால் துண்டைக் கடித்தால் எலும்பை ஒட்டிய கறி ஜில்லென்று இருக்கும். சரி என்று இன்னொரு நிமிடம் வைப்போம். ஓரத்துக் கறி ரப்பராகிவிடும், நடு வெதுவெதுப்பாகும். மெஷின் சரியில்லை என்று அலுத்துக்கொண்டே சாப்பிட்டு முடிப்போம்.

மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. அது நேரத்தை மட்டும் எண்ணுகிறது. உள்ளே இருக்கும் பண்டத்தில் எந்த இடம் எவ்வளவு சூடானது என்று அதற்குத் தெரியாது. அடுப்பில் சமைக்கும்போது குழம்பு கொதிப்பது கண்ணுக்குத் தெரியும், கை தானாகக் கரண்டியை எடுத்துக் கிளறும், தணலைக் குறைக்கும், மூடி வைத்து அடங்கவிடும். மைக்ரோவேவின் கதவைச் சாத்தியதும் இந்த வேலைகளையெல்லாம் நாம் விட்டுவிடுகிறோம். சாப்பாடு சமமாகச் சூடாகாமல் போவதற்கும், சில சமயம் வயிற்றைக் கெடுப்பதற்கும் மூல காரணம் இதுதான்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பல வீடுகளில் இந்த மெஷின் சமைப்பதற்காக வந்ததே இல்லை. சூடு பண்ணுவதற்காக வந்தது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில் வயதான இருவர் மட்டும் இருப்பார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. ஒரு நாள் சமைத்ததை இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்வார்கள். "ஆத்தா, ரெண்டு நிமிஷம் போடுங்க, போதும்" என்று போனில் மகன் சொல்வார். எவ்வளவு குழம்புக்கு 2 நிமிடம், எந்தப் பாத்திரத்தில், எந்த மெஷினில் என்று அவரும் சொல்லமாட்டார், ஆத்தாவும் கேட்கமாட்டார். ஒரு கிண்ணத்துக்கு 2 நிமிடம் ஆனால் இரண்டு கிண்ணம் சேர்த்து வைத்தால் ஏறக்குறைய 4 நிமிடம் ஆகும். அடுப்பில் பழகிய கைக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடாது.

உள்ளே நடப்பது என்ன? மேக்னட்ரான் என்ற ஒரு குழாய்தான் அலைகளை உண்டாக்குகிறது. 1940-இல் பிரிட்டனின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராடாருக்காக உருவான சக்திவாய்ந்த வடிவத்தின் வாரிசு அது. போர் முடிந்த 1945-இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர் அதைச் சமையலுக்குத் திருப்பினார். 1947-இல் விற்பனைக்கு வந்த முதல் மெஷின் ஆள் உயரம் இருந்தது. வீட்டு மேடையில் வைக்கும் அளவுக்குச் சிறுத்தது 1967-இல்தான். இன்றைய வீட்டு ஓவன்கள் 2450 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் இயங்குகின்றன. அந்த அலை ஒன்றின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அது சாப்பாட்டில் உள்ள தண்ணீர் மூலக்கூறுகளை முன்னும் பின்னும் புரட்டுகிறது, உப்பின் அயனிகளை அசைக்கிறது. அந்த உராய்வுதான் சூடு.

மைக்ரோவேவ் உள்ளேயிருந்து வெளியே வேகவைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. அலைகள் ஈரமான பண்டத்துக்குள் ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் தேய்ந்துவிடுகின்றன. அதற்கு உள்ளே இருப்பது, வெளிச்சுற்றிலிருந்து சூடு மெல்ல நகர்ந்து வந்தால்தான் சூடாகும். பின்னே சீயத்தைச் சூடு பண்ணினால் மேல்மாவு இளஞ்சூடாக இருக்கும்போதே பூரணம் நாக்கைச் சுடுகிறதே என்று கேட்கலாம். பொரித்த மேல்மாவில் ஈரம் குறைவு, வெல்லமும் பருப்பும் சேர்ந்த பூரணத்தில் ஈரம் அதிகம். சீயம் சின்னது என்பதால் அலை பூரணம் வரை எட்டிவிடுகிறது, ஈரம் இருக்கும் இடத்தில் வேலையைக் காட்டுகிறது. இதே மெஷினில் ஒரு பெரிய தொடைக்கறித் துண்டை வையுங்கள், கதை தலைகீழாகும்.

அலை சேரும் ஆழம் மட்டும் பிரச்சினை இல்லை. ஓவனின் இரும்புச் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து சில இடங்களில் வலுக்கின்றன, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சுழலும் தட்டையும் அதன் அடிவளையத்தையும் எடுத்துவிட்டு, ஒரு பெரிய தட்டையான பீங்கான் தட்டில் பொரிக்காத உளுந்து அப்பளங்களை நெருக்கி அடுக்கி உள்ளே வையுங்கள். முழுச் சூட்டில் முக்கால் நிமிடம் போல ஓடவிட்டுக் கதவைத் திறந்தால் அப்பளம் சில இடங்களில் வெள்ளையாகப் பொரிந்திருக்கும், சில இடங்களில் பச்சையாகவே கிடக்கும். பொரிந்த இடங்களுக்கு நடுவே தோராயமாக ஆறு சென்டிமீட்டர் இடைவெளி தெரியும், அலையின் பாதி நீளம் அது. உலோகப் பெட்டிக்குள் அலைகள் பல திசையில் பாய்வதால் கணக்கு அச்சுப் பிசகாமல் வராது. ஆனாலும் உங்கள் ஓவனின் சூட்டுப் படம் கையில் கிடைத்துவிடும். அப்பளமும் வீணாகாது.

சுழலும் தட்டு இதற்குத்தான் இருக்கிறது. ஓரத்தில் வைத்த பண்டம் சூடான இடத்தையும் குளிர்ந்த இடத்தையும் மாறி மாறிக் கடக்கும். தட்டின் நடுவில் வைத்ததோ நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நாம் வழக்கமாக நட்ட நடுவில்தான் வைக்கிறோம். குழிப்பணியாரத்தைச் சூடு பண்ண வேண்டுமானால் தட்டின் ஓரமாக வட்டம் கட்டி அடுக்கி நடுவைக் காலியாக விடுங்கள். கறித்துண்டுகளும் அப்படியே, தடித்த பக்கம் வெளியே, மெலிந்த பக்கம் உள்ளே இருக்கட்டும். குழம்பானால் ஆழமான கிண்ணத்தைவிட அகலமான தாழ்வான பாத்திரம் நல்லது.

குழம்பின் உப்பும் கவனிக்க வேண்டிய விஷயம். உப்பு கூடக்கூட அலை உள்ளே போகும் ஆழம் குறைகிறது, ஓரமே அதிகச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கெட்டியான, உப்பும் புளியும் தூக்கலான பூண்டுக் குழம்போ வெண்டைக்காய் மண்டியோ ஓரத்தில் தெறித்து நடுவில் குளிர்ந்து கிடப்பதில் இதற்கும் பங்கு உண்டு. ரசம் மாதிரி நீர்த்த பண்டம் தானே கொஞ்சம் சுழன்று சூட்டைப் பரப்பும் என்று நினைப்போம். அதிலும் மேலே சூடானது மேலேயே நின்றுவிடும். டம்ளரில் பாலைச் சூடு பண்ணினால் மேல்பகுதி பொங்கும், அடிப்பகுதி வெதுவெதுப்பாக இருக்கும். கும்மாயம் போன்ற களிப்பதத்துக்குச் சுழலவே வழியில்லை. அதனால் எதுவாக இருந்தாலும் பாதி நேரத்தில் நிறுத்தி அடிவரை கிளற வேண்டும். கெட்டியான பண்டத்தை இரண்டு மூன்று தடவை. கிளற முடியாத இடியாப்பத்துக்குத் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியோ ஈர வாழை இலையோ போட்டு மூடினால் ஆவி அந்த வேலையைச் செய்யும். மூடியில் ஆவி வெளியேறக் கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும்.

மெஷின் நின்ற பிறகு உடனே எடுத்துச் சாப்பிடாமல் மூடியபடி 2, 3 நிமிடம் வைப்பதை நம் ஆட்கள் பொருட்படுத்துவதே இல்லை. ஓரத்தில் சேர்ந்த சூடு நடுவுக்கு நகர்வது அந்த நேரத்தில்தான். சமையல் முடியும் கட்டம் அது, ஆறவைக்கும் நேரம் இல்லை. சூட்டைப் பாதியாகக் குறைத்து நேரத்தைக் கூட்டி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான் பலன் தருகிறது. 50 சதவீதம் என்று வைத்தால் சாதாரண மெஷினில் அலை பலவீனமாவதில்லை. மேக்னட்ரான் கொஞ்ச நேரம் ஓடி, கொஞ்ச நேரம் நின்று, மறுபடி ஓடும். அந்த இடைவெளிகளில் சூடு பரவுகிறது. இன்வெர்ட்டர் வகை மெஷின்கள் மட்டும்தான் உண்மையாகவே குறைந்த சக்தியில் தொடர்ந்து ஓடும்.

யூடியூப்பில் சொன்ன நேரம் நம் வீட்டில் ஒத்துவராததற்கு வாட் ஒரு காரணம். மெஷினின் பின்பக்கம் போட்டிருக்கும் 1200, 1300 என்ற எண் அது கரண்ட்டை இழுக்கும் அளவாக இருக்கலாம். சாப்பாட்டுக்குப் போய்ச் சேருவது 700 முதல் 900 வாட் வரைதான். உங்கள் மெஷினின் அளவை நீங்களே பார்த்துவிடலாம். கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். முழுச் சூட்டில் சரியாக 2 நிமிடம் ஓடவிட்டு, கலக்கி, மறுபடி பாருங்கள். ஏறிய டிகிரியை 35-ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். 20 டிகிரி ஏறினால் 700 வாட். இதைச் சாயங்காலம் லோ வோல்டேஜ் இருக்கும் நேரத்தில் ஒரு தடவையும் செய்து பாருங்கள். டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய வகை மெஷினில் வோல்டேஜ் இறங்கினால் சூடும் கணிசமாக இறங்கும். காலையில் 2 நிமிடத்தில் ஆவி பறந்த குழம்பு ராத்திரி 2 நிமிடத்தில் வெதுவெதுப்பாக நின்றுபோவது அதனால்தான்.

வெதுவெதுப்பு என்பதுதான் ஆபத்தான வார்த்தை. ஏறக்குறைய 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் பெருக வசதியான சூடு. மீந்ததைச் சூடு பண்ணும்போது பண்டத்தின் எல்லா இடமும் 74 டிகிரியைத் தொட வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் பாதுகாப்பு அளவு. குழம்பு ஒரு ஓரத்தில் கொதிப்பது அதற்கு அத்தாட்சி இல்லை. முனை நீண்ட சமையல் தெர்மாமீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை நடுவிலும் தடித்த துண்டிலும் எலும்பருகிலும் குத்திப் பார்ப்பதுதான் நேர்வழி. தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில், கிளறிய பிறகும் எல்லாப் பக்கமும் ஆவி பறக்கிறதா என்று பார்க்கலாம். அதிலும் கறிக்கு நான் தெர்மாமீட்டரைத்தான் நம்புவேன்.

ஆனால் உண்மையான தப்பு பல நேரம் ஓவனுக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். கல்யாணம், வயது நிறைவு விழாவான சாந்தி, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்று வளவு நிறைய ஆள் சேரும் நாளை நினைத்துப் பாருங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்த கறிக் குழம்பு அண்டாவில் மீந்திருக்கும். எல்லாரும் அலுப்பில் சாய்ந்துவிடுவார்கள். சாயங்காலம் யாரோ ஞாபகம் வந்து தூக்குவாளிகளில் ஊற்றி உறவுக்காரர்களுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அண்டா நிறைய இருக்கும் குழம்பின் நடுப்பகுதி மணிக்கணக்கில் 40, 50 டிகிரியில் கிடந்திருக்கும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜன்ஸ் என்ற கிருமிக்குப் பிடித்த இடம் அது. அதன் வித்துகள் கொதியையும் தாங்கும். காற்றுப் புகாத குழம்பின் நடுவில், 45 டிகிரியை ஒட்டிய சூட்டில், அது சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். சாப்பிட்ட அன்று ஒன்றும் தெரியாது. ராத்திரியோ மறுநாளோ வயிற்றுவலியும் பேதியும் வரும். அன்றைக்கு டீக்கடையில் சாப்பிட்ட வடை மேல் பழி விழும்.

வித்து தாங்கினாலும், பெருகி நிற்கும் இந்தக் கிருமியை முழுச் சூட்டில் அழித்துவிட முடியும் என்பதால் மைக்ரோவேவில் சரியாகச் சூடு பண்ணுவது இங்கே உதவும். சோற்று விஷயம் அப்படி இல்லை. அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து, சோறு வேகும்போது சாகாது. வடித்த சோற்றை மூடி வெளியிலேயே வைத்தால் அது முளைத்துப் பெருகி ஒரு நஞ்சைச் சுரக்கும். வாந்தி எடுக்கவைக்கும் அந்த நஞ்சு 121 டிகிரியிலும் கலங்காது. மைக்ரோவேவில் தண்ணீர்ச் சத்துள்ள பண்டம் 100 டிகிரியைத் தாண்டுவது அரிது. ஆக எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் கிருமி சாகும், நஞ்சு இருக்கும். கையிலிருந்து உணவுக்குப் போகும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியின் நஞ்சும் இதே ஜாதி. முகர்ந்து பார்த்தால் வாடையும் இருக்காது.

அதனால் மீந்ததைச் சமைத்த 2 மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குள் அனுப்ப வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம். சிவகங்கைச் சீமையில் வருஷத்தில் பாதி நாளுக்கு இந்த இரண்டாவது கணக்குத்தான் பொருந்தும். அண்டாவைத் தூக்கி அப்படியே பிரிட்ஜில் வைத்தாலும் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும், மற்ற பண்டங்களையும் அது சூடாக்கும். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மிகாமல் அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றினால் சீக்கிரம் ஆறிவிடும். மறுபடி வெளியே எடுக்கும்போது அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து ஒரே தடவை சூடு பண்ணுங்கள். மூன்று நான்கு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாளில் இன்னொரு கணக்கும் உண்டு. கதவைத் திறக்காமல் இருந்தாலும் பிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம்தான் குளிரைத் தாங்கும். அதற்குப் பிறகு உள்ளே இருந்த கறியையும் பாலையும் சோற்றையும் மைக்ரோவேவ் மீட்டுத் தராது.

உறைந்த கறியை இளக்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பனிக்கட்டி இந்த அலைகளைத் தண்ணீர் அளவுக்கு உறிஞ்சாது. ஓரத்தில் ஒரு இடம் உருகித் தண்ணீரானதும் அந்த இடம் மட்டும் சூட்டை வாரிக்கொள்ளும். நடு கல்லாக இருக்கும்போதே ஓரம் வெந்துவிடும். குறைந்த சூட்டில் வைத்து, இடையிடையே திருப்பிப் போட்டு, உருகியதைத் தனியே எடுத்துவிட்டுத்தான் இளக்க வேண்டும். அப்படி இளக்கிய கறியில் சில இடம் ஏற்கெனவே வெதுவெதுப்பாகியிருக்கும், அதனால் உடனே சமைத்துவிட வேண்டும். அரைவேக்காட்டில் வைத்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது கூடவே கூடாது. அவசரம் இல்லாதபோது முந்தின ராத்திரியே பிரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றி வைப்பதுதான் என் சிபாரிசு.

பாத்திர விஷயத்தில் செட்டிநாட்டு வீட்டுக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. எவர்சில்வர், பித்தளை, வெண்கலம் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும், கூர்மையான விளிம்பு இருந்தால் பொறி பறக்கும். ஏமாற்றுவது எனாமல் தட்டுகள்தான். கப்பலில் வந்து தலைமுறை கடந்து நிற்கும் அந்தப் பூப்போட்ட தட்டுகளும் தூக்குகளும் பார்வைக்குப் பீங்கான் போல இருக்கும். உள்ளே இருப்பது இரும்புத் தகடு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஆசைப்பட்டு வாங்கி வந்ததும் அதே வகைதான். நிஜப் பீங்கானிலும் விளிம்பில் தங்கக்கோடு ஓடினால் அது பொறி விடும், கோடும் கருகும். மெலமைன் தட்டு உடையாது என்பதற்காக உள்ளே வைக்கக் கூடாது. மண்சட்டி ஈரத்தை உறிஞ்சித் தானே கொதித்துக் கையைச் சுடும், சில சமயம் விரியும். பார்சல் சாப்பாட்டில் வெள்ளித்தாள், ஸ்டேப்ளர் பின், மெல்லிய பிளாஸ்டிக் கவர் மூன்றையும் கழற்றிவிட்டுத்தான் சூடு பண்ண வேண்டும். மைக்ரோவேவ் சேஃப் என்று போட்ட பிளாஸ்டிக் டப்பாவையும் எண்ணெய் மிதக்கும் குழம்புக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். எண்ணெய் 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறும், டப்பா வளைந்து நிறம் பிடிப்பதைப் பார்த்தாலே புரியும். தடித்த கண்ணாடிக் கிண்ணம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வெடிப்பவை தனி ரகம். முட்டைக் குழம்பைச் சூடு பண்ணும்போது முழு முட்டையை இரண்டாக வெட்டிவிடுங்கள். உள்ளே அடைபட்ட ஆவி ஓவனில் வெடித்தால் துடைக்கும் வேலையோடு போகும். வாயில் வெடித்தால் ஆஸ்பத்திரிதான். தோலோடு இருக்கும் சின்ன உருளைக்கிழங்கையும் ஈரலையும் முள்கரண்டியால் குத்திவிட வேண்டும். வெறும் தண்ணீரை வழவழப்பான கப்பில் அதிக நேரம் வைத்தால் குமிழே வராமல் 100 டிகிரியைத் தாண்டி நிற்கும், காபித்தூளைப் போட்டதும் சீறி மேலே பாயும். ஒரு மரக்குச்சியைப் போட்டு வைத்தால் அந்தப் பயம் குறையும். குழந்தையின் பால் புட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் உள்ளே வைக்காதீர்கள். புட்டி தொட்டால் இளஞ்சூடாகவும் உள்ளே பால் சில இடங்களில் கொதியாகவும் இருக்கும்.

கதிர்வீச்சைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரே விஷயம். கதவின் கண்ணாடியில் தெரியும் வலையின் துளைகள் 12 சென்டிமீட்டர் அலைக்கு மிகச் சின்னவை, அலை ஏறக்குறைய வெளியே வராது. கதவைத் திறந்ததும் மேக்னட்ரான் நின்றுவிடும். அலை சாப்பாட்டில் தங்குவதும் இல்லை. கதவு வளைந்திருந்தாலோ கீல் ஆடினாலோ ஓட்டாதீர்கள், அவ்வளவுதான். காலியாகவும் ஓட்டாதீர்கள்.

அப்புறம், இந்த மெஷினில் எதைச் செய்யவே கூடாது என்று கேட்டால் என் பட்டியலில் முதலில் வருவது வறுவல். ஈரம் இருக்கும்வரை பண்டத்தின் மேற்பரப்பு 100 டிகிரியிலேயே நிற்கும். கறியும் மசாலாவும் சிவந்து மணம் ஏறுவதற்கு அதைவிட நல்ல சூடு வேண்டும். கல்பாசியும் அன்னாசிப்பூவும் சோம்பும் எண்ணெயில் பொரியும் வாசனை மைக்ரோவேவில் வரவே வராது. கவுனி அரிசியை வேகவைப்பதிலும் லாபமில்லை; தானியம் தண்ணீர் குடிக்க அதற்கு வேண்டிய நேரம் வேண்டும், ஊறவைத்துக் குக்கரில் போடுவதே சுலபம். மீந்த உப்புக்கறியானால் நடு 74 டிகிரி தொடும்வரை ஓவனில் சூடாக்கி, பிறகு வாணலியில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, மிளகாய் கிள்ளிப் போட்டு, இரண்டு நிமிடம் புரட்டி எடுத்தால் போதும்.